நிறப்பெட்டி முதல் மிச்ச வாக்கு வரை

எங்கள் உம்மம்மா குர்ஆன் ஓதுவார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் தான் வாக்குப் போட்ட கதையை ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லுவார். மாட்டு வண்டிலுக்குத் திரை கட்டிப் பெண்களை ஏற்றிப் போனது, விதானையார் பெயர் கூப்பிட்டது, மறைவுக்குள்ளே நிறம் பூசிய பெட்டிகள் வரிசையாக இருந்தது எல்லாம் அதில் வரும். "எந்த நிறப் பெட்டியில போட்டீங்க உம்மம்மா?" என்று கேட்டால் மட்டும் வெற்றிலை வாயோடு சிரிப்பார். "அதச் சொல்லப்படாது மகன். எனக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிஞ்சாப் போதும்" என்பார். நாற்பது ஐம்பது வருடங்கள் கழிந்த பிறகும் அந்த நிறத்தை அவர் வெளியே விடவில்லை.

பிற்காலத்தில் ஆசிரியன் ஆகி, தேர்தல் கடமைக்கென்று கச்சேரியிலிருந்து கடிதம் வரத் தொடங்கியபோது, உம்மம்மாவின் சிரிப்புத்தான் எனக்கு நினைவு வந்தது. ஒருவர் இரகசியமாகப் போட்டதைப் பலர் முன்னிலையில் பகிரங்கமாக எண்ண வேண்டும். எண்ணி முடிந்த பிறகும் அந்த இரகசியம் இரகசியமாகவே இருக்க வேண்டும். எண்ணிக்கை சரி என்று தோற்றவனும் ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஒரே இரவில் செய்து முடிக்கும் வித்தையை நமது நாடு எப்படிப் பழகிக்கொண்டது? மூவினமும் முட்டிமோதி வாழ்கின்ற திருகோணமலை மாவட்டத்தில் அது எப்படி நடக்கிறது? அதைத்தான் இங்கே எழுத முனைகிறேன்.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இந்நாட்டின் ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமையைத் தந்தது. படிப்போ சொத்தோ வேண்டியதில்லை. இருபத்தொரு வயது நிறைந்திருந்தால் போதும். அன்று திருகோணமலைக்கெனத் தனித்தொகுதி இருக்கவில்லை. மட்டக்களப்பின் ஒரு பகுதியோடு சேர்த்துத் திருகோணமலை – மட்டக்களப்பு என்ற ஒரே தொகுதியாக அரசாங்க சபைக்கு ஆள் அனுப்பினோம். எழுத வாசிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த காலம் அது. ஆதலால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி என்று ஒழுங்கு செய்தார்கள். வாக்காளர் செய்யவேண்டியது, கையில் தந்த சீட்டைத் தனக்கு விருப்பமானவரின் பெட்டிக்குள் போடுவது மாத்திரமே. கோடு கீற வேண்டியதில்லை, பென்சில் பிடிக்க வேண்டியதில்லை.

எண்ணுகிறவர்களுக்கும் அது இலகுவான வேலை. சீட்டுகளை வகை பிரிக்கும் தொழிலைப் பெட்டியே செய்து முடித்திருக்கும். திறந்து எண்ணினால் சரி. ஆனால் அந்த ஒழுங்கில் ஓர் ஓட்டையும் இருந்தது. மறைவுக்குள் போனவர் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டால் பிடிப்பது கடினம். வெளியே வந்த சீட்டுக்கு விலை உண்டு. சீட்டில் வாக்காளரின் கை அடையாளம் எதுவும் இல்லாததால், பெட்டிக்குள் கிடப்பது யார் மனதின் முடிவு என்று சொல்ல அந்தச் சீட்டுக்கு வாயில்லை.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் நிறம் போய்ச் சின்னம் வந்தது. பல பெட்டிகளுக்குப் பதிலாக ஒரே பெட்டி. சீட்டில் பெயரும் சின்னமும் அச்சாகி இருக்க, வாக்காளர் எதிரே புள்ளடி இட வேண்டும். பெட்டி செய்துவந்த வகை பிரிக்கும் வேலை அன்றோடு எழுதுவினைஞரின் மேசைக்கு வந்தது. அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்றும் அதில் ஒளிந்திருந்தது. வாக்கு செல்லுமா செல்லாதா என்ற கேள்வி அன்றுதான் வாக்காளரின் கையோடு ஒட்டிக்கொண்டது. நிறப்பெட்டியில் பிழைவிட இடம் குறைவு. புள்ளடியில் பிழை விடலாம்.

அந்நாளில் தேர்தல் நாடு முழுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. 1947இல் ஆகஸ்ட் 23 தொடக்கம் செப்டெம்பர் 20 வரை நாள்நாளாக இழுத்தது. 1956இல் ஏப்ரல் மாதத்தில் மூன்று நாட்கள் நடந்தது. ஓரிடத்து முடிவைக் கேட்டு இன்னோரிடத்தார் வாக்குப் போடும் நிலைமை அதனால் உண்டாயிற்று. 1960 மார்ச் 19ஆந் திகதியே முதன்முதலாக முழுத் தேர்தலும் ஒரே நாளில் முடிந்தது.

நமது மாவட்டத்து வாக்கெண்ணிக்கைக்கு மூதூர் ஒரு தனி அத்தியாயம். 1947இல் மூதூர்த் தொகுதியின் முதல் பாராளுமன்றப் பிரதிநிதியாக மர்ஹூம் ஏ.ஆர்.ஏ.எம். அபூபக்கர் தெரிவானார். 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயம் மூதூரை இரட்டை அங்கத்தவர் தொகுதி ஆக்கியது. முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து வாழும் இடத்தில் ஒருவர் வென்றால் மற்றவர் வெறுங்கையோடு போக நேரும், இருவருக்கும் இடம் இருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இருவருக்குப் பிரித்தும் கொடுக்கலாம், இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கவும் செய்யலாம். எண்ணும் மேசையில் சீட்டின் தொகையும் வாக்கின் தொகையும் வெவ்வேறாக நின்றன. 1970இல் இந்தத் தொகுதியிலிருந்து மர்ஹூம் ஏ.எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும் சேர்ந்து பாராளுமன்றம் போனார்கள். ஒரே சீட்டில் இரண்டு பெயருக்கும் புள்ளடியிட்ட கைகளும் அன்று இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஆசை. 1977இல் சேருவில புதிய தொகுதியாகப் பிரிய, மூதூர் ஒற்றை அங்கத்தவர் தொகுதி ஆயிற்று, மர்ஹூம் எம்.ஈ.எச். மஹ்ரூப் அதில் தெரிவானார். அந்த ஆண்டு திருகோணமலைத் தொகுதியில் வென்றவர் இரா. சம்பந்தன்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. பாராளுமன்றத் தேர்தலில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது 1989 பெப்ரவரியில். திருகோணமலை, மூதூர், சேருவில மூன்றும் எண்ணும் பிரிவுகளாக மட்டும் நின்றன. ஆசனம் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. நமக்கு நான்கு ஆசனங்கள். ஒரு கட்சி ஏழு பேரை நிறுத்தலாம். வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி இட வேண்டும். அதன்பின் விரும்பினால் அக்கட்சியின் மூவருக்கு, அவர்களுடைய இலக்கங்களில் விருப்பு வாக்கு இடலாம். நிறப்பெட்டிக்குள் சீட்டைப் போட்ட உம்மம்மா, தன் கடைசிக் காலத்தில் கட்சி, சின்னம், இலக்கம் என்று மூன்று படி ஏற வேண்டியவரானார்.

இனி, எண்ணும் மண்டபத்துக்குள் போவோம். உண்மையில் எண்ணிக்கை அங்கே தொடங்குவதில்லை. காலை ஏழு மணிக்கு வாக்களிப்பு நிலையத்தில் வெறும் பெட்டியைத் திறந்து முகவர்களுக்குக் காட்டும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெட்டி வெறுமை என்பதைப் பார்த்தவர்கள் முன்னிலையில்தான் அது முத்திரையிடப்படும். வாக்களிப்பு முடிந்ததும் வாயும் அடைக்கப்பட்டு முத்திரை வைக்கப்படும். சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் வாக்குச்சீட்டுக் கணக்கை எழுதுவார். தனக்குக் கிடைத்த சீட்டு எத்தனை, வழங்கியது எத்தனை, பழுதானது எத்தனை, மிச்சம் எத்தனை என்ற கணக்கு அது. கடையில் இரவு கல்லாவை எண்ணி வைப்பது போல. அந்தக் காகிதமும் பெட்டியும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும்.

அந்தப் பயணம் எங்கள் பக்கத்தில் சாதாரணமாக இருந்ததில்லை. 2005 நவம்பர் 17ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தல். ஆசிரிய கலாசாலையை விட்டு வந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதற் கடமை அது. கிண்ணியாத் துறையடியில் பாதைக்காகக் காத்து நின்றோம். மாரி மழை. பெட்டிகள் மேல் பொலித்தீன் போர்த்தியிருந்தது. பாதையில் ஏறியதும் எங்கள் பெரிய அலுவலர் பெட்டிமேல் ஒரு கையை வைத்தவர், மறுகரை சேரும்வரை எடுக்கவில்லை. "என்ன சேர், பெட்டி எங்க ஓடப் போகுது?" என்று பொலிஸ்காரர் கேட்டார். "ஓடாது தம்பி. ஆனா நான் கைய எடுத்தேன் எண்டு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது" என்றார் அவர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்ததோடு அந்தப் பாதையின் காலம் முடிந்தது. அந்தக் கை மட்டும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மண்டபத்தில் பெட்டிகளின் முத்திரையை முகவர்கள் முதலில் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, யாருக்கு விழுந்தது என்று பாராமல், சீட்டுகளின் தொகையை மாத்திரம் எண்ணி வாக்குச்சீட்டுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். இந்த முதலெண்ணிக்கைதான் வழியில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை என்பதற்கு அத்தாட்சி. அதன் பின்னரே மண்டபத்துக்கு வந்த பல பெட்டிகளின் சீட்டுகளையும் ஒன்றாகக் கலப்பார்கள். கலந்த பிறகே கட்சி வாரியாகப் பிரித்தல். சீட்டின் முகம் மேலே இருக்க வேண்டும். பின்புறத்துத் தொடரிலக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது. சந்தேகமான சீட்டுகள் தனியே போகும். பிரதம வாக்கெண்ணும் அலுவலர் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக் காட்டித் தீர்ப்புச் சொல்லுவார். முகவர் ஆட்சேபிக்கலாம், மறுபடி எண்ணும்படி கேட்கவும் அவருக்கு உரிமையுண்டு. மண்டபங்களின் கூற்றுகள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் சேர்ந்து, தபால் மூல வாக்கு ஒன்று, மூன்று பிரிவுகளுக்கு மூன்று என்று நான்கு முடிவுகளாகி, மாவட்ட முடிவாகின்றன.

இந்த ஒழுங்கு நிற்பது அலுவலர்களின் நாணயத்தின் மீது மாத்திரம் அல்ல. அலுவலர் எல்லாரும் நல்லவர் என்று நம்பச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ஒருவரையொருவர் நம்பாத ஐந்தாறு பேரை ஒரே மேசையைச் சுற்றி இருத்தி, ஒரே சீட்டைப் பார்க்கச் சொல்கிறது. அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதுதான் உண்மை. சூரத்துல் பகராவில், குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கொடுக்கல் வாங்கலைப் பற்றியது என்பது நமக்குத் தெரியும். எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் துன்பம் நேரக்கூடாது என்று அது பணிக்கிறது. நல்ல மனிதர்களுக்கிடையிலும் எழுத்தும் சாட்சியும் வேண்டும் என்பதே அதன் படிப்பினை. எண்ணும் மண்டபத்தில் நின்ற இரவுகளில் அந்த வசனம் எனக்குப் பலமுறை விளங்கியிருக்கிறது.

சீட்டுகளைக் கலக்கும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமது மாவட்டத்தில் ஓர் ஊர் என்றால் பெரும்பாலும் ஓர் இனம். ஊர் ஊராக முடிவு வெளிவந்தால், எந்தப் பள்ளிவாசல் மஹல்லா யாருக்குப் போட்டது, எந்தக் கோயிலடி யாருக்குப் போடவில்லை என்பது விடியுமுன் தெரிந்துவிடும். கலக்கும்போது அந்த ஊர்கள் கரைந்து போகின்றன. தனிமனித இரகசியத்தோடு ஊரின் இரகசியமும் காக்கப்படுகிறது. 2018 பெப்ரவரி 10ஆந் திகதி புதிய கலப்பு முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது வாக்களித்த இடத்திலேயே எண்ணினார்கள். வேகம் கூடியது; பெட்டி பயணம் செய்யும் பயமும் இல்லை. ஆனால் எந்த ஒழுங்கையிலிருந்து எத்தனை விழுந்தது என்று மறுநாள் தேநீர்க் கடையில் கணக்குப் பேசியதையும் நான் கேட்டேன். சரிபார்ப்பு இலகுவாக, இரகசியம் மெலிந்தது. இரண்டையும் ஒருங்கே முழுமையாகப் பெற இன்னும் வழி காணவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தால் தேர்தல் சரியாகிவிடுமா? அப்படிச் சொல்ல எங்கள் வரலாறு விடவில்லை. 1982 டிசம்பர் 22இல் விளக்கும் குடமும் சின்னங்களாக நடந்த சர்வஜன வாக்கெடுப்பின் முறைகேடுகளைத் தேர்தல் ஆணையாளரின் அறிக்கையே பின்னர் பதிவு செய்தது. எண்ணியவர் பெட்டியில் இருந்ததைத்தான் எண்ண முடியும். எப்படி வந்து விழுந்தது என்பதை எண்ண முடியாது. நான் பெட்டியோடு பாதையில் வந்த 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு தழுவிய வித்தியாசம் 180,786 வாக்குகள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாக்களிப்பு நிலையங்கள் வைக்கப்படவில்லை. எல்லைக்கு இப்பால் வைத்த கொத்தணி நிலையங்களுக்கு வந்தவர் மிகச் சிலர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. வராதவரின் சீட்டு, பயன்படுத்தாத கட்டில் வெள்ளையாகக் கிடந்தது. அதையும் எண்ணி, மிச்சம் என்ற நிரலில் எழுதினோம். கணக்கு நேராயிற்று.

எண்ணித் தெரிந்தவர்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. மர்ஹூம் அப்துல் மஜீத் 1987இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் நமது மாவட்டம் தெரிந்தனுப்பிய நால்வரில் தங்கத்துரை 1997 ஜூலை 5ஆந் திகதியும், மஹ்ரூப் அதே மாதம் 20ஆந் திகதியும் கொல்லப்பட்டனர். பதினைந்து நாட்களில் இருவர். ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். ஓர் இரவு முழுக்கக் கண்விழித்து எண்ணிய ஆயிரமாயிரம் புள்ளடிகளை ஒரு சில நிமிடங்களில் அழித்துவிடலாம் என்று அந்த மாதம் எங்களுக்குக் காட்டியது.

இப்போது அண்மைய கணக்கு ஒன்றுக்கு வருகிறேன். கரும்பலகையில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டக்கூடிய கணக்குத்தான். 2024 நவம்பர் 14ஆந் திகதிப் பாராளுமன்றத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 87,031 வாக்குகள், ஐக்கிய மக்கள் சக்திக்கு 40,496, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 34,168. மற்றவர்கள் ஐந்து வீதத்தைத் தொடாததால் கணக்கிலிருந்து நீங்கினார்கள். முதல் வந்த கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று. மிச்சம் மூன்று ஆசனங்கள். மூன்று கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் 161,695. மூன்றால் வகுத்துப் பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கினால் 53,899. அந்தத் தொகையைத் தாண்டியது தேசிய மக்கள் சக்தி மட்டுமே. அதற்கு இன்னும் ஓர் ஆசனம். இனி மிச்ச வாக்குகள். ஐக்கிய மக்கள் சக்திக்கு 40,496, தமிழரசுக்கு 34,168, தேசிய மக்கள் சக்தியிடம் எஞ்சியது 33,132. இரண்டு ஆசனங்களும் முதலிருவருக்குப் போயின. ஆக இரண்டு, ஒன்று, ஒன்று.

நான்காவது ஆசனத்தைத் தீர்மானித்த மிச்ச வாக்குகளின் வித்தியாசம் 1,036 மாத்திரம். அதே தேர்தலில் இம்மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 13,537. பதின்மூன்று மடங்கு. முடிவு பிழை என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப்படி எண்ணிய சரியான முடிவு அது. எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. ஆனால் வரிசையில் நின்று, விரலில் மை பூசி, வாக்குப் போட்டுவிட்டேன் என்ற நிம்மதியோடு வீடு போனவர்களில் ஏறக்குறைய பதினாறு பேருக்கு ஒருவரின் வாக்கு வாக்காகவில்லை. நாடு முழுவதும் அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 667,240. இரண்டு மாதங்களுக்கு முன், செப்டெம்பர் 21ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தலில் இதைவிடக் கூடுதலான மக்கள் வாக்களித்தும் நிராகரிக்கப்பட்டவை 300,300. அதே மக்கள்தான், இரண்டு மாதத்தில் யாரும் படிப்பை மறந்துவிடவில்லை. மாறியது சீட்டு. பாராளுமன்றச் சீட்டு நீளமானது. கட்சி மேலே, இலக்கங்கள் கீழே. சிலர் யாருக்கும் போட மனமில்லாமல் வேண்டுமென்றே பழுதாக்குவதும் உண்டுதான். ஆனாலும் நான் பார்த்த நிராகரிப்புகளில் கோபத்தைக் காட்டிலும் குழப்பமே அதிகம்.

ஓர் எண்ணும் இரவில் என் மேசைக்கு வந்த சீட்டு ஒன்றை மறக்க முடியவில்லை. மேலே கட்சிப் பகுதியில் ஒன்றுமில்லை. கீழே மூன்று இலக்கங்களில் மூன்று புள்ளடிகள், கட்டத்துக்கு வெளியே ஒரு கீற்றுப் போகாமல், முதலாம் வகுப்புப் பிள்ளை உறுப்பெழுத்து எழுதுவது போல அழுத்தி இடப்பட்டிருந்தன. நடுங்கும் கை என்பது கோட்டில் தெரிந்தது. யாரோ ஒரு பிள்ளை வீட்டில் வைத்து இலக்கங்களைப் பாடமாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த மூத்தவர் இலக்கத்தை மறக்கவில்லை, கட்சியை மறந்துவிட்டார். ஒன்று முதல் ஏழு வரையான இலக்கங்கள் எல்லாக் கட்சிக்கும் பொது. ஆகவே அது யாருடைய மூன்று பேர் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. பிரதம அலுவலர் தூக்கிக் காட்டினார். இரவு முழுக்கச் சண்டை பிடித்த முகவர்களில் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. "பாவம்" என்றார் ஒருவர் சிங்களத்தில். இன்னொருவர் தமிழில் அதையே சொன்னார். இரண்டு மொழியிலும் சொல் ஒன்றுதான். சீட்டு நிராகரிக்கப்பட்ட கட்டுக்குள் போனது.

நிறப்பெட்டிக் காலத்திலிருந்து இன்றுவரை நாம் எண்ணுகிறவரின் கையைக் கட்டுப்படுத்த எத்தனையோ ஒழுங்குகளைச் செய்தோம். அவை பெரும்பாலும் வேலை செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் போடுகிறவரின் கைமேல் ஒரு பாரத்தைக் கூட்டினோம். அந்தக் கைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. தேர்தலுக்கு முந்திய கிழமைகளில் யாருக்குப் போடுவது என்று சொல்ல ஊரில் நூறு பேர் வருவார்கள். எப்படிப் போடுவது என்று சொல்ல எவருமில்லை. சீட்டை எண்ணுவதற்கு அரசாங்கம் ஆசிரியர்களைத்தான் கூப்பிடுகிறது. எந்தப் பிழையால் வாக்கு செத்துப்போகிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அந்த அறிவை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருவது அமானத்துக்குச் செய்யும் துரோகம் என்றே எனக்குப் படுகிறது.

ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம், பெண்கள் மத்ரஸாவில் அரை மணி நேரம், பக்கத்து ஊர்க் கோயில் மண்டபத்தில் இன்னோர் அரை மணி நேரம் போதும். கட்சிப் பெயரில்லாத மாதிரிச் சீட்டு ஒன்று, ஒரு பென்சில், மேலே ஒரு புள்ளடி, பிறகு கீழே. அடுத்த தேர்தலுக்குக் கடமைக் கடிதம் வருமுன் இந்த வேலையைத் தொடங்குவதென்று எங்கள் ஊர் ஆசிரியர்கள் சிலர் பேசி வைத்திருக்கிறோம். எங்கே போட்டீர்கள் என்று யாரிடமும் கேட்கமாட்டோம். அது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்கும் தெரிந்தால் போதும்.